அடுப்படியை விட்டுப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்

பெற்றோரே, இது கொஞ்சம் கடிந்து சொல்லும் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் ஓர் இரவு, எட்டு மணிவாக்கில் நம் ஊர் ஸ்டேஷனரி கடை எதற்காவது போய்ப் பாருங்கள். தெர்மோகோல், சார்ட் பேப்பர், பெவிகால், ஜிகினா என்று கேட்டு நிற்கிற கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடத்தான் வேண்டும். நிற்பவர்கள் அப்பாக்களும் அம்மாக்களும். 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள், பள்ளியில் கண்காட்சி. 1928இல் அந்தத் தேதியில் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலின் நினைவாக வைத்த நாள் அது. அதற்கு முந்தின இரவு நம் வீடுகளில் நடப்பது என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளை தூங்கிவிடுகிறது. அப்பா பிளேடு வைத்துத் தெர்மோகோலை அறுக்கிறார். அம்மா பெயின்ட் அடிக்கிறார். விடிந்தால் எரிமலை தயார். பிள்ளைக்கு நான்கு வரி மனப்பாடம்: "குட் மார்னிங் மேடம், மை ப்ராஜெக்ட் இஸ் வால்கேனோ." அந்த நான்கு வரியில் பிள்ளையின் சொந்தக் கேள்வி ஒன்றுகூட இல்லை.

அதே பிள்ளை மறுநாள் சாயந்திரம் சமையற்கட்டுக்கு வந்து, "அம்மா, பாலில் எலுமிச்சம்பழம் பிழிஞ்சா என்ன ஆவும்?" என்று கேட்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "அடுப்பாண்ட உனக்கு என்ன வேலை? பாலை வீணாக்காத. போய் ஹோம்வர்க் எழுது." தெர்மோகோலுக்கும் பெயின்டுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுத்த கை, அரை டம்ளர் பாலுக்குக் கணக்குப் பார்க்கிறது. பிள்ளை தானாகக் கேட்ட கேள்விக்கு அரை டம்ளர் பால் தர மறுத்துவிட்டு, யாரும் கேட்காத எரிமலைக்கு ஓர் இரவையே கொடுக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றம் தொடங்கியது. சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே ஆட்கள் வருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் 1 முதல் 5 வரை? அந்த வயதுக்கு ஆய்வகம் என்று ஓர் அறை நம்மில் பலர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கிடையாது. அரசுப் பள்ளியோ, ஃபீஸ் கட்டும் பள்ளியோ, எல்லாம் ஒன்றுதான். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் பிள்ளைக்கு வாய்த்த ஆய்வகம் நம் வீட்டுச் சமையற்கட்டு ஒன்றே. அதன் கதவைத்தான் நாம் சாத்துகிறோம்.

நம் ஊரில் இதைச் செய்வது இன்னும் பெரிய தவறு. காஞ்சிபுரத்துப் பிள்ளை வேறெந்த ஊர்ப் பிள்ளையையும்விடக் கூடுதலான வேதியியலைத் தினம் பார்த்துக்கொண்டு வளர்கிறது. கோயிலில், தறியில், அடுப்பில், வாசற்படியில் எல்லாம் அது நடக்கிறது. நடக்கும்போது பிள்ளையை நிறுத்தி, "இது ஏன் இப்படி ஆவுது, சொல்லு" என்று கேட்க ஆள் இல்லை.

ஆரத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், வளைகாப்பு, ஊருக்குப் போய்த் திரும்பியவர் என்று எத்தனை முறை வீட்டில் ஆரத்தி கரைக்கிறோம். மஞ்சள் கரைத்த தண்ணீர். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி விழுந்ததும் கண்ணெதிரே சிவக்கிறது. இதைவிடத் திகைப்பான காட்சியை எந்த சயின்ஸ் கிட் காட்டும்? பாட்டி கரைத்துக்கொண்டே இருக்கிறார், பிள்ளை வாய் பிளந்து பார்க்கிறது, நாம் "தள்ளு தள்ளு, மேல கொட்டிக்கப் போற" என்கிறோம். அவ்வளவுதான், கதை முடிந்தது.

தள்ளாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மூன்று கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையின் முன் வையுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் சுண்ணாம்பை நீங்கள் போடுங்கள், பிள்ளையைப் போடவிடாதீர்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு. அதன்பிறகு சிவந்த டம்ளரில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிழிவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பிள்ளை ஏதாவது ஒரு பதில் சொல்லட்டும். "இன்னும் செவக்கும்" என்று சொன்னாலும் சரி, "பச்சையாயிடும்" என்று சொன்னாலும் சரி, அதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் பிழியுங்கள்.

இங்கேதான் நம் எல்லாருக்கும் வாய் துருதுருக்கிறது. படித்த பெற்றோருக்கு அதிகமாகவே துருதுருக்கிறது. "மஞ்சள்ல குர்குமின்னு ஒண்ணு இருக்கு, அது காரத்துல சிவப்பாகும், அமிலத்துல திரும்ப மஞ்சளாகும், இதுக்குப் பேரு இண்டிகேட்டர்" என்று பிழிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். சொன்னது சரிதான். ஆனால் பிள்ளைக்கு இனி பார்க்க என்ன மிச்சம்? நாம் சொன்னது நடக்கிறதா என்று சரிபார்ப்பது ஒன்றுதான் மிச்சம். பந்தயம் கட்டி, தோற்று, "ஏன்?" என்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியைப் பிடுங்கிக்கொண்டோம். எரிமலை செய்துகொடுப்பதும் விடையை முந்திச் சொல்வதும் ஒரே குற்றம். இரண்டிலும் பிள்ளையின் வேலையை நாம் செய்கிறோம்.

பேசாமல் இருந்து பாருங்கள். ஆரத்தித் தண்ணீர் பார்த்த பிள்ளை இரண்டு நாளில் வேறொன்றைக் கண்டுபிடிக்கும். சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டைக்குச் சோப்பு போட்டதும் கறை சிவப்பாவதைப் பார்த்து ஓடி வரும். சோப்பும் சுண்ணாம்பும் ஒரே வகை என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தோன்றும். அப்போது சொல்லுங்கள் காரம் என்ற சொல்லை. தேவை வந்தபின் கிடைத்த சொல் மறக்காது. அதோடு விட வேண்டாம். மஞ்சள் கறைபட்ட துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை மொட்டைமாடி வெயிலிலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்து, சாயந்திரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன ஆகும் என்று நான் எழுதப்போவதில்லை. துணி துவைக்கும் அம்மாக்களுக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது மாவு. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, மாவு ஏன் பொங்குகிறது என்று ஒருமுறையாவது பிள்ளையைக் கேட்டிருக்கிறோமா? இட்லி மாவு பொங்குவது நுண்ணுயிரிகளின் வேலை. அரிசியையும் உளுந்தையும் ஒட்டிக்கொண்டே வரும் பாக்டீரியாக்கள்தான் புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. பெரியவர்களுக்கு இவ்வளவு போதும். பிள்ளையிடம் இதையும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு வீட்டிலும் மாவைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. கையால் கலக்கினால்தான் பொங்கும், கரண்டியால் கலக்கினால் பொங்காது. உப்பை ராத்திரியே போட வேண்டும். இல்லை, காலையில்தான் போட வேண்டும். வெந்தயம் போட்டால்தான் மெத்தென்று வரும். மாமியார் ஒன்று சொல்வார், அம்மா வேறொன்று சொல்வார், இருபது வருஷம் அந்த வழக்கு முடியாமல் கிடக்கும். எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டு ராத்திரியில் முடித்துவிடும். ஒரே மாவை ஒரே அளவில் இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைக் கழுவிய கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலக்கி, மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ரப்பர் பேண்டு மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். காலையில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றது எல்லாவற்றையும் அப்படியே வை. ஆராய்ச்சிக்கூடத்தில் பெரியவர்கள் செய்வதும் இதுவேதான். மூன்றாம் வகுப்பில் இதைக் கையால் தொட்டுப் பழகிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அதிலும் மார்கழி வந்தால் இன்னும் நல்லது. சித்திரையில் ராத்திரியோடு பொங்கி வழிந்த மாவு மார்கழியில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். நாம் சலித்துக்கொள்கிறோம், பிள்ளைக்கு அது வாய்ப்பு. ஒரு டம்ளரை அடுப்பு மேடை ஓரத்தில் வைக்கலாம், ஒன்றை ஜன்னலோரம், ஒன்றை ஃபிரிட்ஜில். தோற்றுப்போன மாவைத் தோசையாக வார்த்துவிடலாம், ஒன்றும் வீணாகாது. வீணாகிறதே என்று சொல்பவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கோயில் இட்லியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை மந்தாரை இலை பரப்பிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைக்கிறார்கள். வீட்டுத் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வேகும் மாவுக்கு அங்கே மணிக்கணக்கு ஆகிறது. ஏன்? "பெருசா இருக்கில்ல, அதான்" என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். எவ்வளவு பெருசுக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. சின்னக் கிண்ணத்தில் ஒரு விரற்கடை உயரம் மாவு, இன்னொன்றில் அதைப்போல இரண்டு மடங்கு உயரம். சூடு நடுவரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று குச்சி குத்திப் பார்த்து எழுதட்டும். குத்துவது நீங்கள், கடிகாரம் பார்ப்பது பிள்ளை. இரண்டு மடங்கு கனத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்று பிள்ளை பந்தயம் கட்டும். சூடு ஒரு பொருளுக்குள் ஊர்ந்து போகும்போது கனம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. உங்கள் சமையற்கட்டில் அது நான்காக வராது, மூன்றோ மூன்றரையோ வரலாம். கிண்ணத்தின் சுவர், ஆவி, மூடி எல்லாம் குறுக்கே வரும். ஆனால் இரண்டு இல்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்த ஆச்சரியம் போதும். கோயில் மடைப்பள்ளியில் ஏன் விடியுமுன் அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்று அது தானே யோசிக்கும்.

கற்பூரத்துக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். நன்றாகக் கழுவிய அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றிக் கடுகளவு கற்பூரத் துணுக்கைப் போட்டால், அது தானாகச் சுழன்று ஓடும். யாரும் தள்ளவில்லை, காற்று இல்லை. பக்கத்தில் ஒரு தீக்குச்சியின் முனையில் நல்லெண்ணெய் தொட்டுத் தண்ணீரில் வைத்தால் ஓட்டம் சட்டென்று நின்றுவிடும். கற்பூரம் கரையும் பக்கத்தில் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைகிறது, மறுபக்கம் இழுக்கிறது, துணுக்கு ஓடுகிறது. எண்ணெய் படர்ந்ததும் எல்லாப் பக்கமும் இழுவிசை குறைந்துவிடுகிறது.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 1890இல் இங்கிலாந்தில் ரேலே பிரபு, பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர், இதே கற்பூரத்தைத் தண்ணீரில் ஓடவிட்டு, அதை நிறுத்த எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று அளந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்குக்குச் சற்றே கூடிய கனம் வந்தது. மூலக்கூறின் அளவை மனிதர்கள் முதன்முதலில் எட்டித் தொட்ட வழிகளில் அதுவும் ஒன்று. நாம் சூடம் என்று வாங்கி வரும் பொருளும் ஒரு சொட்டு எண்ணெயும்தான் அதற்கு வேண்டியிருந்தன.

மறுவருஷம் ஜனவரியில் அந்த ரேலேக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ், பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பெண். 1862இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோய்ப்பட்ட பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டுவேலை செய்து வந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று இருபது வயதுவாக்கிலேயே கவனிக்கத் தொடங்கி, ஒரு தகரத் தொட்டியும் அதன் மேல் நகர்த்தும் ஒரு பட்டையும் வைத்துத் தண்ணீரின் மேற்பரப்பை அளந்தார். பத்து வருஷ வேலை. ரேலேயின் மனைவி அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். ரேலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, 1891 மார்ச்சில் அது அச்சாகியது. அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தித்தான் பிறகு அமெரிக்காவின் இர்விங் லாங்மியர் தம் மேற்பரப்பு ஆராய்ச்சிகளைச் செய்தார். 1932இல் அவருக்கு நோபல் பரிசு. அதே வருஷம் பொக்கெல்ஸுக்கு எழுபது வயதில் கௌரவ டாக்டர் பட்டம்.

பாத்திரம் விளக்குகிற தொட்டியைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்ட ஒரு பெண் அவர். நம் வீட்டில் பெண் பிள்ளை பாத்திரம் விளக்கும்போது கேட்டால், "சீக்கிரம் முடி" என்கிறோம். ஆண் பிள்ளையை அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வரவிடுவதில்லை. அதையும் கண்டித்துத்தான் சொல்ல வேண்டும். "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை" என்று ஒரு பாட்டி சொன்னால் வயதுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். பி.இ. படித்த அப்பா சொல்வதை எப்படிப் பொறுப்பது?

தறி வைத்திருக்கும் வீட்டாரிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். 1990களிலும் அதற்கு முன்பும் நம் மாவட்டத்துத் தறிகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்கார்ந்து உழைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் படிப்பை விட்டவர்கள் பலர். பலர் பாடுபட்டுத்தான் அவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளியில் உட்காரவைத்தார்கள். அது நம் ஊர் பெருமைப்பட வேண்டிய காரியம். அதைத் திருப்ப யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் உழைப்பிலிருந்து விடுவிக்கும்போது தறியின் அறிவிலிருந்தும் பிள்ளையைப் பிரித்துவிட்டோம். பிள்ளையார்பாளையத்தில் பிறந்த பிள்ளை பட்டுப்புழுவைப் பாடப்புத்தகப் படத்தில் பார்த்து, "சில்க் இஸ் எ நேச்சுரல் ஃபைபர்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறது. நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு ஏன் வேகவைக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும். தாத்தாவிடம் கேட்கச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

கச்சாப் பட்டிழையின் மேல் ஒரு பசை இருக்கிறது; வேகவைத்தால் அது கரைந்து போய், நூலின் எடை கால்பங்கு வரைக்கும் குறையும். பளபளப்பும் அப்போதுதான் வருகிறது. எடை போட்டுப் பார்க்க நகைக்கடைத் தராசு வேண்டும், அதனால் அதை விடுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாயம் போடாத பட்டிழைத் துண்டு கொஞ்சம், விளக்குத்திரி நூல் கொஞ்சம். சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர், அரை மூடி எலுமிச்சைச் சாறு. இரண்டையும் அதில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, பிறகு குழாயடியில் அலசச் சொல்லுங்கள். எது நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று முன்னாலேயே பந்தயம். பட்டு புரதம், பஞ்சு அப்படி இல்லை. கேசரிப் பவுடரில் உள்ள சாயம் புளிப்புத் தண்ணீரில் புரதத்தைத்தான் இறுகப் பற்றும். நம் சாயப்பட்டறைகளில் பட்டு நூல் நிறம் வாங்குவதும் இந்த வழியில்தான். இழை ஒன்றை நீங்கள் கொளுத்திக் காட்டினால் முடி கருகும் வாடை வரும். பாலியஸ்டர் இழை உருகி உருண்டையாகும். பட்டு என்று சொல்லி வேறெதையோ தலையில் கட்டும் வியாபாரியிடம் ஏமாறாமல் இருக்கவும் அந்தப் பாடம் உதவும்.

காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கும் பிள்ளை, "இதை ஏன் மத்தியானம் செய்யக்கூடாது?" என்று கேட்கட்டும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் இழை ஏன் சரியாக ஓடுவதில்லை என்று கேட்கட்டும். இவை புத்தகத்தில் இல்லாத கேள்விகள், நம் தெருவில் பதில் உள்ள கேள்விகள்.

இன்னும் ஒன்று. 2019இல், கோயில் குளத்துக்கடியில் இருக்கும் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் வெளியே எழுந்தருளிய 48 நாளில் ஊரே தரிசனத்துக்கு நின்றது. வரிசையில் நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரே கேள்வி: "தண்ணிக்கடியில 40 வருஷம் இருந்தா மரம் மக்காதா?" அவர்களுக்குக் கிடைத்த பதில், "சாமி விஷயம், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது." கேள்வியில் அவமரியாதை எங்கே இருக்கிறது? சாமியை நம்பும் பிள்ளைதான் கேட்கிறது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும்; நீருக்கடியில் அது குறைவு. ஒரே குச்சியை மூன்றாக ஒடித்து, ஒன்றைத் தண்ணீரில் முழுக முக்கியும், ஒன்றை ஈரமண்ணில் பாதி புதைத்தும், ஒன்றைக் காய்ந்த அலமாரியிலும் வைக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டிய சோதனை. பொறுமையையும் பிள்ளை இங்கேதான் கற்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் சாக்குகள் வரும், தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். மாவு எப்படியும் அரைக்கிறோம், இரண்டு டம்ளரில் ஊற்ற இரண்டு நிமிஷம். வீடு அசிங்கமாகும் என்பீர்கள். துடைக்கும் துணியைப் பிள்ளை கையில் கொடுங்கள். சோதனை செய்தவரே துடைக்க வேண்டும் என்பது எல்லா ஆய்வகத்திலும் உள்ள விதி. மார்க் வருமா என்பீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வருத்தம் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் ஆச்சரியத்துக்கு மார்க் கேட்கும் அளவுக்கு நாம் வந்துவிட்டோமே.

"எனக்கே தெரியாதே, பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?" என்று சிலர் தயங்குவார்கள். படிக்க வாய்ப்பில்லாத அம்மாக்கள் கூச்சத்தோடு இதைச் சொல்லும்போது அவர்களைக் கடிய மனம் வரவில்லை. அம்மா, தெரியாது என்று சொல்லுங்கள். "தெரியலடா, வா, செஞ்சு பாப்போம்" என்பதைவிட நல்ல அறிவியல் ஆசிரியரின் சொல் வேறில்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. மனப்பாடத்துக்குப் பதில் சோதனை, விலையுயர்ந்த கருவிக்குப் பதில் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருள், தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகள் நடந்து நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் முதலில் பழக வேண்டியிருந்தது, தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்வதற்கு. எளிய பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து உருவங்கள் செய்யத் தொடங்கியது அந்தத் திட்டத்தில்தான். நம் மொழியிலும் குறையில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக 'துளிர்' என்று ஒரு மாத இதழ் நடத்துகிறது. தெர்மோகோல் வாங்கும் காசில் சில மாதங்களுக்கு அதை வாங்கலாம்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பாக்கெட்டைப் பிள்ளை பிதுக்கி, கண்ணில் தெறித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பங்கள் நம் நாட்டில் நிறைய. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் சுண்ணாம்பு பெரியவர் கையில் மட்டும். கற்பூரம் வாயில் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், தட்டைக் கழுவியபின் கையையும் கழுவச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். அவை இரண்டும் சோதனைப் பொருளே இல்லை என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுப்பு, தீக்குச்சி, கத்தி உங்கள் வேலை. கண்ணும் நோட்டும் பந்தயமும் பிள்ளை வேலை. இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால் பயந்து விரட்ட வேண்டியதில்லை.

போனையும் தள்ளி வையுங்கள். பிள்ளை கற்பூரத்தை ஓடவிடும்போது வீடியோ எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளை தட்டைப் பார்க்காது, கேமராவைப் பார்க்கும். ஓடாமல் போனால் அழும். ஓடாமல் போவது நிறைய நடக்கும். தட்டில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே போதும், கற்பூரம் அசையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பிள்ளைக்கு இடம் விட வேண்டும். நல்ல தட்டை நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். ஏன் ஓடவில்லை என்று கேட்டுவிட்டு, அடுத்து எந்தத் தட்டை எடுக்கிறது, கழுவுகிறதா, எதைப் போட்டுக் கழுவுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இந்த சனிக்கிழமை மாவு அரைக்கும்போது இரண்டு டம்ளர், இரண்டு ரப்பர் பேண்டு, ஒரு ஸ்கேல், ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வையுங்கள். எதை மாற்றிப் பார்ப்பது என்று பிள்ளையைக் கேளுங்கள். அது சொல்வது உங்களுக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றலாம். ஒரு டம்ளருக்குப் பாட்டுப் பாடினால் சீக்கிரம் பொங்குமா என்றுகூடக் கேட்கலாம். பாடட்டும். காலையில் அளந்து எழுதட்டும்.